ஏப்பத்தில் அளந்த எண்ணெய்

எண்பத்து மூன்றாம் வருடம், மலேசியாவில் ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கக்கூஸுக்குத் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறியது. அதன்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. போதாதா?

"திரெங்கானுவுல கடலுக்கடியில எண்ணெய் எடுக்கிறான். நமக்குக் கக்கூஸுக்கடியிலயே வச்சிருக்கான் லா ஆண்டவன்!" என்றார் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஐயாவு.

இருக்கிறது சரி, எவ்வளவு இருக்கிறது? அதை அளக்கத்தான் பத்தாங் காலியிலிருந்து சொந்த லோரியில் வந்திறங்கினார் பூகர்ப்பச் சாமியார். என்ஜினீயர்கள் இதற்குக் குழாய் இறக்குவார்கள், பாறையைக் குடைவார்கள், மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பாவம், படித்தவர்கள். சாமியாருக்கு ஒரு பித்தளைக் குடம் போதும். அதைத் தரையில் கவிழ்ப்பார். காதை வைப்பார். கமண்டலத்திலிருந்து ஒரு மடக்குத் தீர்த்தம். பிறகு ஏப்பம். பூமாதேவியின் வயிறு நிறைந்திருந்தால் சாமியாரின் வயிறு பேசுமாம். ஓர் ஏப்பம், ஒரு லட்சம் பீப்பாய்.

அன்று ஏழு ஏப்பம் வந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எண்ணெயில் பங்கு வேண்டுமா? பணம் வேண்டாம், தேவி காகிதத்தைத் தொடமாட்டாள். ஆடு கொடுத்தால் கால் பங்கு, மாடு கொடுத்தால் முழுப் பங்கு. தேவி ஆட்டை வைத்து என்ன செய்வாள் என்று யாரும் கேட்கவில்லை. ஆடுகள் வரிசையாக லோரியில் ஏறின.

கலாவதி கடைக்குப் போய்த் திரும்பியபோது, கணவன் உடையப்பன் பசுவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பசுவின் பால் காசில்தான் மகள் சந்திரிகா கோலசிலாங்கூருக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போகிறாள்.

"மாட்டை எங்கங்க ஓட்டுறீங்க?"

"முழுப் பங்கு புள்ள! இனி சந்திரிகா எதுக்கு பஸ்ஸுக்குக் காத்து நிக்கணும்? பஸ்ஸே நம்மளுது!"

அழுதாலும் கேட்கமாட்டான், அவளுக்குத் தெரியும். அடுப்படிக்குள் போனாள். சாக்குச் சுற்றிய ஒரு தகர டின்னைத் தூக்கி வந்து, சாமியாருக்குப் பக்கத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"சாமி, அந்த வாழை மரத்தடியில ஒரு தகரம் மண்ணெண்ணெய் புதைச்சிருக்கேன். எவ்வளவு இருக்குன்னு சொல்லுங்க. சரியாச் சொன்னா மாட்டோட கன்னுக்குட்டியும் உங்களுக்கு."

"சாமியையே சோதிக்கிறியா?" ஐயாவு குதித்தார்.

"ஏழு லட்சம் பீப்பாய் அளந்தவருக்கு ஒரு தகரம் பெரிசா மண்டோரே?"

கூட்டத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. சாமியாரின் கண் கன்றுக்குட்டியின் மேல் இருந்தது. வாழையடியில் குடத்தைக் கவிழ்த்தார், காதை வைத்தார், குடித்தார், ஏப்பமிட்டார்.

"முக்கால் தகரம்!"

தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் மண்புழு. இடுப்பளவில் சேறு. உடையப்பன் கழுத்தளவு இறங்கியும் தகரத்தைக் காணோம்.

"சந்தேகக்காரி இருக்கிறதால எண்ணெய் நகர்ந்துடுச்சு," என்றார் சாமியார்.

கலாவதி எழுந்து சாக்கை உருவினாள். மூடியைத் திறந்தாள். மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது.

"நகரவே இல்ல சாமி. இவ்வளவு நேரமும் இது மேலதான் உக்காந்திருந்தேன். அங்க நான் எதையும் புதைக்கல."

இரண்டு ஆடு கொடுத்திருந்த பக்கத்து வீட்டுத் தாயம்மா பாய்ந்து கமண்டலத்தைப் பிடுங்கினாள். ஒரு மடக்குக் குடித்தாள். நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. ஆக, இன்னொரு லட்சம் பீப்பாய்!

"அடப்பாவி, இது சோடா லா!"

சாமியார் லோரியை நோக்கி ஓடினார். ஆடுகள் அத்தனையும் இறங்கிய பிறகுதான் லோரியை விட்டார்கள். குழியிலிருந்து சேறும் சகதியுமாக ஏறி வந்த உடையப்பன், மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பசுவைக் கட்டினான்.

ஐயாவு மட்டும் தலையைச் சொறிந்தார். "சாமி போலிதான். ஆனா எண்ணெய் நெசமா இருக்கலாம்ல?"

"டிராக்டர் கழுவுற இடத்துல குழி தோண்டினா எண்ணெய் மிதக்காம பாலா மிதக்கும்?" என்றாள் கலாவதி. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பூமி வயித்துல என்ன இருக்குன்னு அவன் வயித்தைக் கேட்டீங்க. உங்க தலையை ஒரு தடவையாவது கேட்டீங்களா?"