பஸ்ஸில் கொடுத்த கல்யாணக் கார்டு

பாறசாலை,
ஏப்ரல் 9.

மதிப்புக்கும் பிரியத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய ஈசாக் அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் சத்தியராஜ் எழுதுவது. நீங்களும், அக்கா புஷ்பபாயும், மகன் அஜினும், மருமகளும் கர்த்தருடைய கிருபையால் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் ரத்னபாயும் மகள் லிஜாவும் சுகம். என்னுடைய வலது முட்டு மட்டும் சுகமில்லை. பஸ் படியில் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறு வருஷமாகப் பேசாத மைத்துனன் கடிதம் போட்டால் யாரோ போய்விட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். யாரும் போகவில்லை. லிஜாவுக்குக் கல்யாணம். வருகிற இருபத்தி நாலாம் தேதி வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, எங்கள் சபையில். முட்டின் நிலைமையை உத்தேசித்து, இந்தக் கடிதத்தையே நான் நேரில் வந்து கல்யாணத்துக்கு விளித்ததாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இவ்வளவை மட்டும் எழுதி அனுப்பினால் நீங்கள் கிழித்து அடுப்பில் போடுவீர்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன் என்பதால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் வீட்டில் இருக்கும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. பெயர் ஐனோ, ஊர் பின்லாந்து. வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே வந்து, வீடுகளில் தங்கி ஒரு வருஷம் படிக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. அதில் நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்தவள். முதல் ஆறு மாசம் பாலராமபுரத்தில் சுயம்பு என்கிற கைத்தறிக் கடைக்காரர் வீட்டில் இருந்தாள். ஓணத்துக்கு அவருடைய மனைவி சரோஜம் இவளுக்குக் கசவுச் சேலை கட்டி, இலை நிறையக் கறி விளம்பி, பக்கத்தில் சுயம்பு மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற போட்டோ பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு உறக்கமில்லை. ஏன் சுயம்பு, ஏன் சத்தியராஜ் இல்லை? இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன். பஸ்ஸுக்குள் நின்று “முன்னால ஏறிப் போ” என்றால் நூறு பேர் நகர்ந்தார்கள். ரிட்டயர் ஆன இந்த இரண்டு வருஷத்தில் வீட்டுக் கோழிகூட என் சொல்லுக்கு நகர்வதில்லை. நான் சொல்வதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும், அதுவும் திரும்பிப் பேசத் தெரியாத ஆளாக இருந்தால் நல்லது என்று நினைத்து நானும் ஒரு ஃபாரம் வாங்கி வந்தேன். அதில் ஒரு கேள்வி, உறவினர்களோடு உங்கள் தொடர்பு எப்படி என்று. நான் கூசாமல் எழுதினேன்: “ஒரே அக்கா. குழித்துறையில், பதினொரு கிலோமீட்டர் தூரம். மிகவும் நெருக்கம். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சந்திப்போம்.” லிஜா அதை இங்கிலீஷில் டைப் செய்யும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்த ஃபாரத்தின் நகலை ஐனோவிடமும் கொடுப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவள் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், எல்லாரும் துணி மாற்ற அவள் மட்டும் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்கிறாள். “அங்கிள், அக்கா வீட்டுக்குப் போகண்டாமா?” என்று சுயம்பு வீட்டில் படித்த தமிழில் கேட்கிறாள். அக்காவுக்குக் காய்ச்சல் மக்கா என்றேன். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே செருப்பு. அத்தான், நீங்கள் மன்னிக்க வேண்டும், முதல் இரண்டு மாசத்தில் மட்டும் அக்காவுக்கு நாலு தடவை காய்ச்சல், இரண்டு தடவை வயிற்றுப்போக்கு, ஒரு தடவை கண் ஆபரேஷன். ஆபரேஷன் அன்றைக்கு அந்தப் பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று ஜெபம் செய்தாள். ரத்னபாய் அடுக்களையில் இருந்து, “கேக்குதா, உங்க அக்காவுக்குப் பின்லாந்து பாஷையில ஜெபம் நடக்குது” என்றாள். அன்றைக்கு மீன்கறி எனக்கு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போது லிஜாவின் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணம் விளிப்பதற்கு ஐனோவையும் கூட்டிக்கொண்டு போனால் நாலு பேர் பார்ப்பார்கள், சுயம்புவின் போட்டோவுக்கும் ஒரு பதிலாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். போவதற்கு முந்தின நாள் அவளை எதிரில் உட்காரவைத்து நம்முடைய நியமங்களை எல்லாம் சொன்னேன். போனில் விளித்தால் விளி இல்லை. தபாலில் அனுப்பினாலும் இல்லை. இரண்டு பேராவது நேரில் போக வேண்டும். முற்றத்தில் நின்று கொடுக்கக்கூடாது, உள்ளே ஏறி இருக்க வேண்டும். கார்டை வலது கையால் கொடுத்து, நாளும் நேரமும் சொல்லி, “எல்லாரும் வந்து நின்னு நடத்தித் தரணும்” என்று சொல்ல வேண்டும். சாயா தந்தால் குடிக்க வேண்டும், குடிக்காவிட்டால் அந்த வீட்டோடு மனத்தாங்கல் என்று அர்த்தம். ஒருத்தரும் விட்டுப்போகக்கூடாது. முதல் விளி கல்யாணப் பெண்ணுடைய அப்பாவின் அக்காவுக்கு. சொல்லிய வேகத்தில் இந்தக் கடைசி நியமமும் வாயில் வந்துவிட்டது. அவள் ஒரு நீல நோட்டில் எல்லாவற்றையும் எழுதி, ஒன்றாம் நம்பரில் அக்காவின் பெயரைப் போட்டாள். மறுநாள் காலையில் அக்காவுக்கு ஐந்தாவது தடவையாகக் காய்ச்சல் வந்தது. நாங்கள் இரண்டாம் நம்பரிலிருந்து தொடங்கினோம்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு சாயா, பன்னிரண்டு தட்டு மிக்சர். ஐனோ நியமப்படி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். எனக்குச் சர்க்கரை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆரியங்கோட்டில் ஒன்பதாவது வீட்டில், வீட்டுக்காரி உள்ளே போன தக்கத்தில் சாயாவை ஜன்னல் பக்கம் இருந்த குரோட்டன்ஸ் சட்டியில் கவிழ்த்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்காரி வந்து, “சாயா நல்லா இருந்துதா?” என்றாள். நான் வாயைத் திறக்கும் முன்னால் ஐனோ சொன்னாள்: “எனக்கு நல்லா இருந்துது ஆன்ட்டி. அங்கிள் செடிக்குக் குடுத்தாரு. அங்கிளுக்கு உங்க கூட மனத்தாங்கல் உண்டு.” எனக்க அம்மோ! அந்த வீட்டில் மனத்தாங்கல் இல்லை என்று நிரூபிக்க இன்னும் இரண்டு சாயா குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு நாள் பாலராமபுரத்திலிருந்து சுயம்புவே போன் செய்தார். “கல்யாணத்துக்கு நாங்க ஒரு பஸ் பிடிச்சு வாறோம், வழி மட்டும் பறஞ்சு தாருங்க” என்றார். என்ன பஸ் என்று கேட்டால், ஐனோ முந்தின சனிக்கிழமை அங்கே போய், இரண்டாவது ஆளுக்குச் சரோஜத்தையும் கூட்டிக்கொண்டு, அந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் உள்ளே ஏறி இருந்து, சாயா குடித்து, வலது கையால் கார்டு கொடுத்து, வந்து நின்று நடத்தித் தரச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வரும்போது பஸ் கண்டக்டரையும் சாயாக்கடைக்குள் ஏற்றி இருத்தி, சாயா குடித்து விளித்திருக்கிறாள். ஒருத்தரும் விட்டுப்போகக்கூடாது என்று நோட்டில் இருக்கிறதாம். பந்தலை இரண்டு மடங்கு நீட்டச் சொல்லியிருக்கிறேன், சமையல்காரன் என்னை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறான். ரத்னபாய்க்கு மட்டும் சிரிப்பு. “இத்தன வருசமும் நீங்க சொன்னத ஒருத்தரும் கேக்கல்லன்னு வருத்தப்பட்டியளே, இப்ப ஒருத்தி கேட்டாச்சில்லா?” என்கிறாள்.

இனிதான் சங்கதி. என்னோடு பதினொரு வருஷம் வண்டி ஓட்டிய டிரைவர் கனகதாஸ் இப்போது அம்பூரியில் ரப்பர் வைத்துக்கொண்டு இருக்கிறார். அவரை விளிக்க அந்த மேட்டில் மூச்சு வாங்க ஏறினோம், வீடு பூட்டியிருந்தது. மறுநாளும் ஏறினோம், மறுநாளும் பூட்டு. மூன்றாம் நாள் வெள்ளறடையில் பார்த்தால், புறப்படுகிற பஸ்ஸின் ஜன்னல் பக்கம் கனகதாஸ் இருக்கிறார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸின் பின்னால் ஓடி, ஜன்னல் வழியே கார்டை அவர் மடியில் போட்டு, “இருபத்தி நாலாம் தேதி ஓய், வந்து நின்னு நடத்தித் தரணும்!” என்று கத்தினேன். (அப்போது முட்டு நன்றாக இருந்தது.) அவர் கையைக் காட்டிவிட்டுப் போனார். பெரிய வேலை முடிந்ததுபோல நான் திரும்பி வந்தால், ஐனோ நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“அங்கிள், உள்ள ஏறி இருக்கல்ல. சாயா குடிக்கல்ல. இது விளியா?”

“விளிதான் மக்கா. ரெண்டு தடவை வீட்டுக்குப் போனோம்லா? பூட்டிக் கிடந்தா நாம என்ன செய்ய? மனசாக்கும் முக்கியம்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து ஐனோ இதை அப்படியே ரத்னபாயிடம் ஒப்பித்தாள். ரத்னபாய் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். “கேட்டியளா, இதத்தானே ஈசாக் அத்தானும் செஞ்சாரு?” என்றாள். ஈசாக் யார் என்று ஐனோ கேட்க, நான் கோழிக்குத் தீனி போட வெளியே போய்விட்டேன். கோழி வேண்டாம் வேண்டாம் என்று ஓடும்வரை போட்டேன்.

அத்தான், அதை நானே எழுதிவிடுகிறேன். அஜினின் கல்யாணத்துக்கு விளிக்க நீங்கள் களியக்காவிளையில் என் பஸ்ஸில் ஏறினீர்கள். கூட்டத்துக்குள் நெருக்கி வந்து, என் டிக்கெட் மெஷினுக்கு மேலே கார்டை வைத்து, “சத்தியா, அஜினுக்குக் கல்யாணமாக்கும், வந்து நின்னு நடத்தித் தரணும்” என்றீர்கள். கூடப்பிறந்த அக்கா மகன் கல்யாணத்துக்கு ஓடுகிற பஸ்ஸில் வைத்தா விளி என்று நான் குதித்தேன். சபையில் சொன்னேன், சாயாக்கடையில் சொன்னேன், டிப்போவில் கேட்காதவனையும் நிறுத்திவைத்துச் சொன்னேன். அதற்கு முன்னால் நீங்களும் அக்காவும் இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள், பூட்டியிருந்தது, இரண்டாம் தடவை அக்கா பலாமரத்து மூட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று பக்கத்து வீட்டார் ஒரு வாரத்தில் என்னிடம் சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்கு அப்போது ஒன்பது நாள் பாக்கி. வந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு சத்தம் போட்ட வாயை வைத்துக்கொண்டு எப்படி வருவது? உங்கள் பேரில் தப்பில்லை என்பது எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். கல்யாணத்தன்று நான் கேட்டு வாங்கி டபுள் டியூட்டி பார்த்தேன். அதன் பிறகு நாலு வருஷம் உங்கள் வீட்டு ஸ்டாப்பில் நானே பெல் அடித்து வண்டியை நிறுத்தி, நானே பெல் அடித்துக் கிளப்பிக்கொண்டு போனேன். ஒரு நாள் அக்கா ஏறினாள். “நாகர்கோவில் ஒண்ணு” என்றாள், டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். இறங்கும்போது மட்டும் திரும்பி, “நேரத்துக்கு உண்ணுதியாலே?” என்று கேட்டாள். நான் பெல் அடித்துவிட்டேன். அத்தான், வாழ்க்கையில் நான் செய்த எல்லா முட்டாள்தனத்தையும் சிரித்துச் சொல்லிவிடுவேன், அந்தப் பெல்லைச் சொல்ல எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரத்னபாயிடம் எல்லாம் கேட்ட பிறகு ஐனோ என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். “அப்போ அக்காவுக்குக் கண் ஆபரேஷன் இல்லையா?” இல்லை மக்கா என்றேன். “நான் ஜெபம் பண்ணினேன்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மறுநாள் விளிக்கப் புறப்படுகிறபோது அவள் வரவில்லை. நோட்டு மட்டும் மேசைமேல் திறந்து கிடந்தது. அதுவரை போன எண்பத்தி நாலு வீட்டுக்கும் டிக், தாண்டிப்போன ஒன்றாம் நம்பருக்கு மட்டும் இல்லை.

ஆகவே அத்தான், முட்டுவலிக்காரனின் இந்தக் கடிதத்தை விளியாக ஏற்று, நீங்கள் எல்லாரும் வந்து, முன்வரிசையில் இருந்து, லிஜாவின் கல்யாணத்தை நடத்தித் தர வேண்டும். வராவிட்டாலும் நான் கோபப்பட மாட்டேன், அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. பதில் எழுத வேண்டுமென்றும் இல்லை. அக்காவுக்கு எங்கள் அன்பு, அஜினுக்கும் மருமகளுக்கும் ஆண்டவருடைய ஆசீர்வாதம் நிறைவாக உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படியாத மைத்துனன்,
சத்தியராஜ்

பின்குறிப்பு: முட்டுவலி பொய். டாக்டரும் பொய். ஸ்டாம்பு ஒட்டிய பிறகு லிஜா இந்தக் கடிதத்தை ஐனோவுக்கு வாசித்துக் காட்டினாள். அவள் நோட்டைப் புரட்டி, “தபால் விளி இல்லன்னு அங்கிள்தான் சொன்னாரு” என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். நேரில் வந்தால் இவ்வளவும் என் வாயில் வராது, அதனால் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டேன். நீங்கள் இதை வாசிக்கும்போது உங்கள் முற்றத்தில் நிற்கிறவன் நான்தான், பக்கத்தில் நோட்டோடு நிற்பவள் ஐனோ. ஏறி இருக்கச் சொன்னால் ஏறுகிறோம். சொல்லாவிட்டால் நாளைக்கும் வருவோம். அக்காவிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள், அன்றைக்குப் பஸ்ஸில் கேட்டதற்குப் பதில்: நேரத்துக்கு உண்ணல்ல. இன்றைக்கும் ஒன்றும் உண்ணாமல் ஆக்கும் வந்திருக்கிறேன்.