நான் பாரா பார்த்த கதை

ராணுவத்திலிருந்து வெளியே வருவதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. போர்வை, பூட்ஸ், தட்டு, குவளை என்று ஒவ்வொன்றாக ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் போய் 'இவரிடமிருந்து எங்களுக்கு வர வேண்டியது ஒன்றுமில்லை' என்று எழுதி வாங்க வேண்டும். கடைசியில் ஒரு சமோசாவும் டீயும் கொடுத்து அனுப்பி வைப்பார்கள். வீட்டுக்குள் வருவதற்குத்தான் யாரும் நடைமுறை எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் நான் படித்திருப்பேன். நான் படிக்காத நடைமுறை கிடையாது.

பதினேழு வருடம் ராணுவம் என்றதும் பனிமலை, பதுங்குகுழி, துப்பாக்கிச் சத்தம் எல்லாம் உங்கள் மனதில் வரலாம். வரட்டும், தடுக்காதீர்கள். எங்கள் தெருவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் நான் ஹவில்தார் கிளார்க். என் கையில் இருந்த ஆயுதம் தட்டச்சு இயந்திரம், பிற்பாடு கணினி. நான் சந்தித்த ஒரே எதிரி, காற்புள்ளி விட்டுப்போனால் கோப்பைத் திருப்பி அனுப்பும் தணிக்கைக்காரர்கள்.

ஆவடி சேக்காட்டில் எங்கள் வீடு. என் மனைவி சுந்தரி அம்பத்தூரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் அவள் வேலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் வீட்டில் மிச்சம் நானும் மின்விசிறியும்தான். இரண்டு பேரும் சுற்றினோம். வாசலுக்கு வருவேன், மாடிக்குப் போவேன், மறுபடி வாசல். பொழுது போகாமல் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அணிவகுக்க வைத்தேன். உப்பும் சர்க்கரையும் ஒரே உயரம். (அன்றைய காபியைப் பற்றி எழுதுவதாக இல்லை.)

"ஏதாவது வேலைக்குப் போங்க. இல்லன்னா திரும்பவும் பார்டருக்கே போயிடுங்க" என்றாள் சுந்தரி.

"நான் பார்டருக்குப் போனதே இல்லையே."

"அது எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாது. தெரியறதுக்குள்ள போங்க."

அவளிடம் ஒரு யோசனை தயாராக இருந்தது. அவள் கம்பெனியின் டைம் ஆபீஸில் ஆள் தேவை. யார் வந்தார், யார் லேட் என்று எழுதும் வேலை. "நிழல்ல உட்கார்ந்து பாக்கற வேலைங்க" என்றாள். அந்த 'உட்கார்ந்து' என்ற சொல்தான் என்னைச் சுட்டது. பதினேழு வருடம் உட்கார்ந்துவிட்டுத்தானே வந்திருக்கிறேன்?

அந்தச் சமயத்தில் வானகரம் பக்கம் போனபோது ஒரு காட்சி. ஒரு தண்ணீர் லாரியும் ஒரு பஸ்ஸும் மூக்கோடு மூக்கு உரசி நிற்கின்றன. பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது. மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு கான்ஸ்டபிள் வந்து விரலை அசைத்தார். லாரி பின்னால் போனது. அவ்வளவுதான். என் விரல்கள் எத்தனை வருடம் அசைந்திருக்கின்றன! தாளில் எழுத்து விழுந்ததே தவிர, ஒரு சைக்கிள்கூடப் பின்னால் போனதில்லை. அன்று முடிவு செய்தேன்: போலீஸ்.

முன்னாள் ராணுவத்தினருக்கு இடத்தில் ஒதுக்கீடு உண்டு, வயதில் சலுகை உண்டு. அந்தச் சலுகையும் எனக்கு அந்த வருடக் காவலர் தேர்வோடு முடிந்துவிடும். அடுத்த முறை அறிவிப்பு வரும்போது நான் தாண்டியிருப்பேன். ஆக, அதுதான் கடைசி வாய்ப்பு என்று விண்ணப்பம் போட்டேன். விட்டால் டைம் ஆபீஸ் நாற்காலி.

சுந்தரியின் தம்பி தயாளன் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். விஷயத்தைக் கேட்டதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மாமா, மெய்யாலுமா சொல்ற? திருடன் ஓடுனா நீ இன்னா பண்ணுவ? நில்லுன்னு லெட்டர் போடுவியா?"

"சட்டம் தெரிஞ்சவன் ஓட வேண்டியதில்லைடா."

"திருடனுக்கு அது தெரியணுமே மாமே!"

கேலி செய்தாலும் உதவி செய்யாமல் விடமாட்டான். அவன் வண்டி ஓடும் வழியில் இருந்த ஒரு காவல் நிலையத்தின் இன்ஸ்பெக்டரிடம் சொல்லி வைத்தான். அப்போது தேர்தல் நேரம். முன்னாள் ராணுவத்தினரைச் சில நாட்களுக்குச் சிறப்புக் காவலர்களாக எடுத்துக்கொள்வது வழக்கம். 'வந்து பாருங்கள். பிடித்திருந்தால் முறைப்படி தேர்வு எழுதுங்கள்' என்று இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சலவைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் போய் நின்றேன். தயாளன் வெளியே வண்டிக்குக் காவல். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். நான் நின்றேன். கைது நடைமுறை, சம்மன் நடைமுறை, பறிமுதல் நடைமுறை என்று நான் கரைத்துக் குடித்ததையெல்லாம் எடுத்துவிடக் காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"பாரா போட்டா பாப்பீங்கல்ல?"

நின்றிருந்த நான் உட்கார்ந்துவிட்டேன்.

ராணுவத்தில் பாரா என்றால் ஒன்றே ஒன்றுதான். பாராசூட். விமானத்திலிருந்து குதிக்கிற ஆட்கள். அவர்களுடைய சிறப்புப் படிப் பணத்துக்கான தாள்களை வருடக்கணக்கில் தட்டச்சு செய்தவன் நான். குதிப்பதற்கு முன் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும், குதித்தபின் யாருக்கு நகல் போக வேண்டும், குதித்தவர் வராவிட்டால் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். குதிப்பது மட்டும் தெரியாது. ஸ்டூலில் ஏறினாலே எனக்குக் கண்ணைக் கட்டும்.

"சார்... இந்த வயசுலயா?" என்றேன்.

"வயசு என்னங்க வயசு? அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப் போற நம்ம ஏட்டய்யாவே பாக்கறாரு."

மூலையில் ஏட்டய்யா பரமசிவம் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய வயிறு தனியாக ஒரு நாற்காலி கேட்கும் போலிருந்தது. இந்த உடம்பு வானத்திலிருந்து இறங்குகிறதா! அவரை நான் கும்பிடாத குறை.

"கஷ்டமா இருக்குமா ஏட்டய்யா?"

"பகல்ல ஒண்ணுமில்ல தம்பி. நைட்டுதான். கண்ணு சொருகும்."

"கீழ விழுந்துட்டா?"

"நானே ரெண்டு தபா வுழுந்துகிறேன். நல்ல வேள, ஐயா பாக்கல" என்று பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "உங்கள மாதிரி மிலிட்டரி ஆளுங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. உங்கள நம்பித்தான் போடறேன். திங்கக்கிழமை வந்துடுங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பதினேழு வருடத்தில் ஒரு அதிகாரிகூட என்னைப் பார்த்து, இவனால் குதிக்க முடியும் என்று நினைத்ததில்லை. என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தது ஒன்றே: கையெழுத்து நன்றாக இருக்கிறது. முதல் முறையாக ஒருவர் என் கையெழுத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். "கண்டிப்பா சார்" என்று சொன்னது என் வாயா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

தேர்தலுக்கு எதற்குப் பாராசூட் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். வழி நெடுக யோசித்து விடையும் கண்டுபிடித்தேன்: மலைக் கிராமங்கள். சாலை இல்லை, வாக்குப்பெட்டி போக வேண்டும், மேலிருந்துதான் இறங்க வேண்டும். படித்தவனின் மூளை தப்பான கணக்குக்கும் அழகாக விடை எழுதிவிடும்.

வீட்டில் 'பாரா' என்ற சொல்லை அப்படியே சொல்லியிருந்தால் தயாளனே அங்கேயே முடித்து வைத்திருப்பான். பிடித்து வைத்த வண்டியை மீட்கப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அவன் தவம் கிடந்த நாட்கள் கொஞ்சமா? நான்தான் எல்லோருக்கும் புரிய வேண்டுமே என்று விளக்கிச் சொன்னேன்: "விமானத்திலேர்ந்து குதிக்கிற டூட்டி."

சுந்தரி கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களயா?"

"ஏன், என்னைச் சொல்லக் கூடாதா?"

"பரண்ல இருக்கற குக்கர எடுக்க நான்தானே ஏறுறேன்!"

"குக்கர் வேற, நாடு வேற."

"டைம் ஆபீஸ்ல இன்னும் அந்த இடம் காலியாத்தான் இருக்கு" என்றாள், தாழ்ந்த குரலில். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை பின்வாங்கியிருப்பேன்.

பயிற்சி தொடங்கியது. தரையிறங்கும் முறையைப் பிழையில்லாமல் பலமுறை தட்டச்சு செய்திருக்கிறேன். இரு பாதமும் சேர்ந்திருக்க வேண்டும். முழங்கால் சற்றே மடங்க வேண்டும். பிறகு பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள் என்ற வரிசையில் உடம்பு தரையைத் தொட்டு உருள வேண்டும். முதலில் கட்டிலிலிருந்து குதித்தேன். சரியாக வந்தது. சமையல் மேடையிலிருந்து குதித்தேன். வந்தது, ஆனால் பால் சட்டியும் கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில் ஏறி நின்றேன்.

கீழே மணல் குவியல். (சேக்காட்டில் எந்தக் காலத்திலும் யாராவது வீடு கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.) அளவெடுத்துத்தான் ஏறினேன். ஏறியபின்தான் தெரிந்தது, தெருவே அளவெடுக்க வந்துவிட்டது. எதிர்வீட்டு பால்கனியில் நாற்காலி போட்டுவிட்டார்கள்.

"மிலிட்டரி சார், கொடை வேணுமா?" என்றது ஒரு குரல்.

தயாளன் ஆட்டோவிலிருந்து ஓடி வந்தான். "மாமா, எறங்கு மாமா! ஊடு ஊடா வேடிக்க பாத்துகினு கீறாங்க. மானம் போவுது!"

"இறங்கத்தான்டா போறேன்."

"படிக்கட்டு வழியா எறங்கு நைனா!"

சுந்தரி வாசலுக்கு வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் டைம் ஆபீஸ் நாற்காலி ஞாபகம் வந்தது. கண்ணை மூடி, "ஜம்ப்" என்று எனக்கு நானே உத்தரவிட்டுக் குதித்தேன்.

பாதி வழியில் கண்ணைத் திறந்தது என் தவறு. குவியலின் நடுவில், சரியாக என் பெயர் எழுதி வைத்த இடத்தில், ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. மனிதாபிமான அடிப்படையில் காற்றிலேயே கொஞ்சம் திரும்பினேன். அது நடைமுறையில் இல்லாத அசைவு. மணலைத் தாண்டிச் செங்கல் அடுக்கில் இறங்கினேன். முதலில் தொட்டது வலது கணுக்கால் மட்டும். அப்புறம் நேராக மோவாய். நடுவில் வர வேண்டிய கெண்டைக்கால், தொடை, இடுப்பு ஆகியோர் ஆஜராகவில்லை. நாய் எழுந்து, சோம்பல் முறித்து, என்னை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போனது.

எலும்பில் விரிசல். மாவுக்கட்டு. காவலர் வேலைக்கான ஓட்டத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் சொன்ன ஓய்வு அதற்கும் அப்பால் நீண்டது. ஆட்டோவில் திரும்பி வரும்போது நானே மனதில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் திங்கட்கிழமை வருகிறேன் என்று ஒரு அதிகாரியிடம் சொல்லியிருக்கிறேனே. நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. தயாளனின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஸ்டேஷனுக்குப் போனேன்.

"சார், பாராவுக்குப் பயிற்சி எடுக்கும்போது அடிபட்டுடுச்சி. இந்த நிலைமையில என்னால குதிக்க முடியாது" என்றேன், விறைப்பாக.

இன்ஸ்பெக்டர் ஏட்டய்யாவைப் பார்த்தார். ஏட்டய்யா என் காலைப் பார்த்தார்.

"எதுலேர்ந்து குதிக்கணும் தம்பி?"

"விமானத்திலேர்ந்து."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். தயாளன் என் தோளைத் தட்டினான். "மாமா, அன்னிக்கி உன்ன இன்னா பண்ணச் சொன்னாங்க? அந்த வார்த்தைய அப்டியே சொல்லு."

"பாரா."

தயாளன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சுவரில் சாய்ந்து சிரித்தான். ஏட்டய்யா எழுந்து வந்து, என் கையை மெதுவாகப் பிடித்து, வாசல் பக்கம் திருப்பினார். அங்கே ஒரு காவலர் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அதுதான் பாரா. வாசல்ல காவலுக்கு நிக்கிறது. அவ்ளோதான் தம்பி."

ராத்திரியில் கண் சொருகுவது தூக்கம். ஏட்டய்யா இரண்டு முறை விழுந்ததும் தூங்கித்தான். வடக்கே பதினேழு வருடம் 'பஹ்ரா, பஹ்ரா' என்று காவலைச் சொல்லக் கேட்டவன் நான். அந்த இந்திச் சொல்தான் நம் ஊர் ஸ்டேஷனுக்கு வந்து, தேய்ந்து, வாசலில் நிற்கிறது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நின்னே பாத்துடறேன் சார்" என்றேன். இன்ஸ்பெக்டருக்குக் கண்ணில் நீர் (சிரித்த நீர்தான்). "ஒத்தைக் கால்லயா? பாராவுக்கு உட்காரவும் கூடாதே" என்றார். பிறகு எதையோ யோசித்து, "நீங்க கிளார்க்குதானே? எழுத்து வேலை பாக்கற ரைட்டர் எலக்ஷன் வேலைக்குப் போயிட்டாரு. பாரா சார்ட் அடிச்சுக் குடுத்துடறீங்களா?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டார்கள். கட்டுப் போட்ட காலுக்கு ஒரு ஸ்டூல் வைத்தார்கள். எந்த முன்னாள் ராணுவத்தினர் எந்த வாசலில் எப்போது நிற்க வேண்டும் என்று கட்டம் கட்டி அடித்துக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இவ்ளோ சுத்தமா ஒரு பாரா சார்ட் நான் பாத்ததே இல்ல சார்" என்றார். என் வாழ்க்கையில் எல்லோரும் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். அது பொய் இல்லை என்பதுதான் வருத்தம்.

கட்டுப் பிரித்தபோது ஓட்டத் தேர்வு முடிந்திருந்தது. என் வயதும் முடிந்திருந்தது. நான் அந்த டைம் ஆபீஸில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரமே சுந்தரியை லேட் என்று எழுதினேன். அந்த நாற்காலியில் எனக்குக் கிடைத்த அதிகாரம் அதுதான். அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

மகளுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற போலீஸ்காரர் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தயாளன் என்னைக் காட்டி, பெருமையாக, "எங்க மாமா பாரா பாத்தவரு சார்" என்றான். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நம்ம ஆள் என்று நினைத்துவிட்டார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்படிங்களா சம்பந்தி! எந்த ஸ்டேஷன்ல பாத்தீங்க?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், காபித் தட்டோடு உள்ளேயிருந்து வந்த சுந்தரி சொன்னாள்:

"ஸ்டேஷன்ல இல்லீங்க. எங்க வீட்டு சன்ஷேட்ல."