நெட்டை டம்ளர் வைத்தியம்

எண்பத்தாறாம் வருஷத்துக் கோடையில் ஏற்காட்டுக்கு வந்தவர்கள் ஏரியைப் பார்த்தார்களோ இல்லையோ, வேலுசாமியாரைப் பார்க்காமல் மலை இறங்கவில்லை. படகுக்கு நின்ற வரிசையைவிட, பஜாரில் அவர் தங்கியிருந்த லாட்ஜ் வாசலில் நின்ற வரிசைதான் நீளம். சேலத்துப் பஸ்ஸில் வந்தவர்கள், மஞ்சக்குட்டை ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சம்சாரம், எல்லோர் இடுப்பிலும் ஒரு குழந்தை. எல்லோர் கையிலும் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ஒரு படி மிளகு.

சாமியார் பணத்தைக் கையால் தொடமாட்டார். அது பாவமாம். மிளகைத் தொடலாம்.

வாசலில் ஒரு போர்டு. 'மனோதத்துவ மாமணி, குழந்தை உள்ளத்து நிபுணர், மனக்கட்டு அவிழ்க்கும் மாமேதை வேலுசாமியார்.' மாமணிப் பட்டம் எந்தச் சர்க்கார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. போர்டு எழுதிய பெயிண்டராவது கேட்டிருக்கலாம். அவருக்கும் ஒரு படி மிளகு போய்ச் சேர்ந்திருந்தது.

சாமியாரின் சித்தாந்தம் எளிமையானது. குழந்தையின் மனசுக்கு ஏழு வாசல். வருஷத்துக்கு ஒரு வாசல் திறக்க வேண்டும். திறக்காத வாசலில் ஒரு முனி உட்கார்ந்துகொண்டு மனசைக் கட்டிவைக்கும். இதைச் சொல்லும்போது நடுவில் 'சைக்காலஜி' என்று ஒரு வார்த்தையைப் போடுவார். முனியும் சைக்காலஜியும் ஒரே மூச்சில் வந்தால் படிக்காதவன் முனிக்குப் பயப்படுவான், படித்தவன் சைக்காலஜிக்குப் பயப்படுவான். யாரும் தப்ப முடியாது.

தலைச்சோலையிலிருந்து பாவாயி தன் ஐந்து வயது மகள் வள்ளியைக் கூட்டிக்கொண்டு மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கூடவே புருஷன் மாதப்பன், மிளகுப் பையோடு. வள்ளிக்கு ஒரு குறையும் கிடையாது. வாய் ஓயாமல் பேசுவாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறார்கள், அதற்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று வந்தார்கள். சேர்வராயன் கோயிலுக்குப் போய் ஒரு கும்பிடு போடுவதில்லையா, அந்த மாதிரி.

சாமியார் வள்ளிக்கு முன்னால் இரண்டு குட்டைக் கண்ணாடி டம்ளர்களை வைத்தார். இரண்டிலும் தீர்த்தம் ஊற்றினார்.

"ரெண்டிலும் ஒரே அளவா, குழந்தாய்?"

வள்ளி குனிந்து, கண்ணை டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஆமாங்க."

சாமியார் ஒரு டம்ளரை எடுத்து, அதிலிருந்த தீர்த்தத்தை நெட்டையாக, ஒல்லியாக இருந்த இன்னொரு டம்ளரில் ஊற்றினார். தீர்த்தம் விறுவிறுவென்று மேலே ஏறியது. "இப்போது எதில் அதிகம்?"

வள்ளி யோசிக்கவே இல்லை. நெட்டை டம்ளரைத் தொட்டாள். "இதுலதானுங்க நெறைய."

கூட்டம் 'ஐயோ' என்றது. சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணெதிரே ஊற்றியதை மனம் பிடிக்கவில்லை. ஐந்தாம் வாசலில் முனி. கட்டு பலமாக இருக்கிறது. சைக்காலஜி."

பாவாயி மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு பழைய காயம் உண்டு. கல்யாணமான புதிதில் அடிவாரச் சந்தையில் அரிசி வாங்கப் போனாள். வியாபாரி ஒல்லியான நெட்டைப் படி ஒன்றால் கும்மாச்சியாகக் குவித்து அளந்தான். உயரத்தைப் பார்த்து மயங்கி, சந்தோஷமாகத் தலையில் தூக்கிக்கொண்டு மலை ஏறினாள். வீட்டுப் படியில் அளந்தால் காலே அரைக்கால் படி குறைந்தது. வீட்டார் குத்திக்காட்டிய பேச்சை ஒரு வருஷம் கேட்டாள். அளவில் ஏமாறுவதைப் போல ஓர் அவமானம் அந்த மலையில் கிடையாது. எழுத்துத் தெரியாததால்தான் ஏமாந்தேன், என் மகள் ஏமாறக் கூடாது என்றுதான் வள்ளியைப் படிக்கவைக்கவே நினைத்தாள். அந்த மகளே இப்போது தன் கண் எதிரே, ஒரு டம்ளர் தண்ணீரில் ஏமாந்து நிற்கிறாள்.

"ஏனுங்க சாமி, இது தீருமுங்களா?" அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏழு வயது நிரம்புவதற்குள் தீர்த்துவைக்கிறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கயிறு மாற்ற வேண்டும். மிளகு மறக்கக் கூடாது. முக்கியமாக, பள்ளிக்கூடம் ஆகாது. சிலேட்டைத் தொட்டால் கட்டு இறுகும்."

மாதப்பன் பையை நீட்டினான். சாமியார் வள்ளியின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாமியார் வாக்குத் தவறாதவர். முந்தின வருஷங்களில் அவரிடம் கயிறு கட்டிக்கொண்ட பிள்ளைகள் ஏழு வயதில் நெட்டை டம்ளரைப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்று சரியாகச் சொல்லின. நூற்றுக்கு நூறு. ஆஸ்பத்திரியில்கூட இப்படிக் கிடையாது. எட்டு வயதுப் பிள்ளையை யாராவது கொண்டுவந்தால் மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். "ஏழு வாசலும் முடிந்துபோயிற்று. இனி என் கை படலாகாது." என்ன அடக்கம் பாருங்கள் என்று கூட்டம் அதற்கும் கும்பிட்டது.

ஜூன் பிறந்தது. தலைச்சோலைப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயின. வள்ளி வேலியோரம் நின்று பார்த்தாள். வாய் ஓயாத பிள்ளைக்குப் பேச்சே நின்றுவிட்டது. யார் என்ன கேட்டாலும் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். "சோறு போதுமா கண்ணு?" என்று கேட்டால்கூடப் பதில் இல்லை. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் முனி வரும் என்று அதற்கென்ன தெரியும்? ஒருநாள் காப்பிக் களத்து ஓரம் உட்கார்ந்து கேட்டாள். "அம்மா, நான் கெட்ட புள்ளைங்களா?" பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த மாதக் கடைசியில் பால்வாடி டீச்சர் கலாவதி வீடு தேடி வந்தாள். சேலத்துப் பெண். இரண்டு வருஷமாக வள்ளிக்குக் கஞ்சி ஊற்றிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள்.

"பாவாயக்கா, பள்ளிக்கூடத்துல முப்பதாந்தேதி திங்கக்கிழமை வரைக்குந்தான் பேரு எழுதுவாங்களாம். வள்ளி ஏன் வரலை?"

பாவாயி டம்ளர் சங்கதியைச் சொன்னாள். கலாவதி நெற்றியைச் சொறிந்தாள்.

"ட்ரெயினிங்குல இந்த டம்ளர் சமாச்சாரம் ஏதோ சொன்னாங்க அக்கா. கொழந்தைங்க மனசு எப்படி வளருதுன்னு ஒரு பாடம். சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்ச கிளாஸ். நான் தூங்கிட்டேன்."

"அப்ப உங்களுக்குந் தெரியாதுங்க."

"தெரியாதுதான். தெரியலைன்னா ஊத்திப் பார்த்துக்க வேண்டியதுதானே? தீர்த்தம் எதுக்கு, ஒரு சட்டி கருங்காப்பி போட்டு எடுத்துட்டு வாங்க."

டீக்கடையிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளர் வந்தது. நெட்டையாக ஒரு மருந்து பாட்டில் வந்தது. பால்வாடியில் பதினான்கு பிள்ளைகள், எல்லாம் நாலும் ஐந்தும். கலாவதி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். வாசலில் ஊர் கூடிவிட்டது.

முதல் பிள்ளை பாட்டிலைக் காட்டியது. இரண்டாவது பாட்டிலைக் காட்டியது. மூன்றாவதும் பாட்டில். பதின்மூன்று பிள்ளைகள் பாட்டிலையே காட்டின. பதினான்காவது பிள்ளை எதையும் காட்டவில்லை, காப்பியைக் குடித்துவிட்டது.

இதைப் பார்த்ததும் ஊருக்கு அறிவு வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. "அடக்கடவுளே, ஊருக்கே கட்டு!" என்று மாதப்பன் தலையில் கை வைத்தான். "ஏ பாவாயி, ஜீப்பைக் கூப்புடு! சாமியார இங்கயே கூட்டியாரலாம்!" நாலு பேர் மிளகு அளக்க வீட்டுக்கே ஓடிவிட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்க!" கலாவதி கத்தினாள். "பெரிய பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வரட்டும்."

நாலரை மணிக்கு வந்தார்கள். மூணாவது, நாலாவது, அஞ்சாவது படிக்கிற பதினொரு பேர். ஒருவர் கழுத்திலும் கயிறு கிடையாது. சாமியார் கை பட்டதே கிடையாது. கலாவதி ஊற்றினாள், கேட்டாள். முதலில் வந்த பெண் டீச்சரைப் பாவமாகப் பார்த்தாள்.

"ரெண்டும் அதே காப்பிதானுங்களே டீச்சர்? இதுலருந்துதான அதுல ஊத்துனீங்க?"

பதினொரு பேரும் அதையேதான் சொன்னார்கள். பாவாயிதான் முதலில் கேட்டாள்.

"ஏனுங்க, இதுங்களுக்கெல்லாம் கட்ட யாருங்க அவுத்தது?"

"தானா அவுந்திருக்கும்," என்றான் பக்கத்து வீட்டுப் பொன்னுவேல்.

"தானா அவுர்றதுக்கு நாம எதுக்குங்க மிளகு குடுக்கறோம்?"

மிளகு அளக்க ஓடியவர்கள் பையோடு திரும்பி வந்து, என்ன நடந்தது என்று தெரியாமல் முழித்தார்கள்.

முப்பதாம் தேதிக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. பாவாயி வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு லாட்ஜ் வாசலில் வரிசையில் நின்றாள். உள்ளே போனதும் கையெடுத்துக் கும்பிட்டாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"சாமி, ஒரே ஒரு சந்தேகமுங்க. உங்க சின்னப் புள்ளைக்கு என்ன வயசாச்சுங்க?"

சாமியார் குடும்பத்தோடுதான் அந்த லாட்ஜில் இருந்தார். "நாலரை. ஏன்?"

"அதுகிட்ட ஒருக்கா டம்ளரக் காட்டுங்க சாமி. முனி இல்லாத மனசு எப்படிப் பதில் சொல்லும்னு எங்க புள்ளைங்களும் பாத்துக்கட்டுமுங்க."

சாமியார் முகம் சுருங்கியது. "என் இல்லத்தில் முனி நுழையாது. சோதனை தேவையில்லை."

விட்டிருந்தால் அத்தோடு போயிருக்கும். கெடுத்தது அவருடைய பரம பக்தர் செல்வராஜ். எதிர்க் கடைக்காரர். கறுப்புக் கயிறு விற்பது அவர்தான்.

"காட்டுங்க சாமி! இந்தம்மா வாயை அடைக்கணுமுங்க!" என்று துள்ளிக் குதித்தார். சாமியார் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே உள்ளறைக்கு ஓடிச் சின்ன மகள் மீனாட்சியைத் தூக்கிவந்து உட்காரவைத்துவிட்டார். அக்காள்காரியும் பின்னாலேயே வந்தாள். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்.

செல்வராஜே தீர்த்தம் ஊற்றினார். செல்வராஜே கேட்டார். "சொல்லு கண்ணு, எதுல நெறைய?"

மீனாட்சி நெட்டை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இதுல! எனக்கு இதான் வேணும்!"

சாமியார் எழுந்தார். "இன்று நாள் சரியில்லை. குழந்தைக்குக் காய்ச்சல்..."

"காய்ச்சல் இல்லப்பா," என்றாள் மூத்தவள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாப்பாவுக்கு நாலரை வயசுதானே? நானும் சின்னதுல இப்படித்தான் சொன்னேன்னு நீங்கதானே அம்மாகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க. எனக்குக் கயிறே கட்டலையேப்பா!"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்து முடித்தபோதுதான் அவரவர் கையிலிருந்த மிளகு அவரவருக்குக் கனத்தது. அதற்கப்புறம் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது. மத்தியானப் பஸ்ஸில் மனோதத்துவ மாமணி குடும்பத்தோடு மலை இறங்கினார். போர்டை எடுத்துப்போக நேரம் கிடைக்கவில்லை.

பாவாயி ஏரிக்கரைப் புல்லில் உட்கார்ந்தாள். வள்ளியின் கழுத்துக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். சாமியார் விட்டுப்போன மூன்று டம்ளரையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஏரித் தண்ணீரை மொண்டு குட்டை டம்ளர் இரண்டிலும் ஊற்றி, ஒன்றை நெட்டையில் மாற்றினாள்.

"எதுல நெறைய சாமி?" என்று மகளைக் கேட்டாள்.

வள்ளி பழக்க தோஷத்தில் கழுத்தைத் தடவினாள். கயிறு இல்லை. அம்மா முகத்தையே பார்த்தாள். பயந்து பயந்து நெட்டை டம்ளரைத் தொட்டாள்.

பாவாயி அவளை வாரி அணைத்து முத்தம் கொடுத்தாள். "ஆமாஞ் சாமி. உனக்கு இப்ப அப்படித்தான் தெரியும். தப்பில்ல கண்ணு, ஒண்ணுந் தப்பில்ல." அழுகையும் சிரிப்புமாக அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வள்ளி அம்மா தோளிலிருந்து தலையைத் தூக்கி ஏரியைப் பார்த்தாள். பிறகு, "அந்தப் படகு ஏம்மா முழுகல?" என்று கேட்டாள். அப்புறம் ஏரி ஏன் வட்டமாக இருக்கிறது, மீன் எப்போது தூங்கும், எல்லாம் கேட்டாள். ஒரு மாதப் பாக்கியை ஒரு மணி நேரத்தில் தீர்த்தாள்.

சிலேட்டு வாங்க வேண்டும். விடிந்தால் பள்ளிக்கூடம். பஜாரில் சிலேட்டு விற்பது செல்வராஜ் கடையில்தான். மனுஷர் கயிற்றுக் கண்டுகளை எல்லாம் கடைக்குள்ளே தள்ளிவிட்டு, தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். சிலேட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, அக்கம் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தாளு போனாப் போறான் விடுங்கம்மா, டுபாக்கூர். வாழப்பாடிப் பக்கம் ஒருத்தர் வந்திருக்காராம். கண்ணாடியைக் காட்டியே புள்ளைங்க மனசைப் படிச்சுடறாராம். அவரு நொம்ப நெசமுங்க."

பாவாயி சிலேட்டை வள்ளி கையில் கொடுத்தாள். செல்வராஜை மேலும் கீழும் பார்த்தாள். ஆள் நல்ல உயரம்.

"ஏனுங்க, உங்களுக்கு இப்ப என்ன வயசுங்க?"

"நாப்பத்தெட்டுங்க. ஏன் கேக்கறீங்க?"

"இல்லீங்க, எம் புள்ளைக்கு ஏழு வயசானாத் தானாத் தெளிஞ்சுடும். உங்களுக்கு எப்பத் தெளியும்னு கணக்குப் போட்டுப் பாத்தேன், எனக்குத் தெரியலீங்க. கொஞ்சம் நீங்களே யோசிச்சுப் பாருங்க."