கிராம்பு எண்ணெயும் என் காராமணியும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். எண்ணெய்ப் புட்டி இங்கேதானே இருக்கிறது.

கடைக் காராமணியில் வண்டு விழுந்ததை உன் அக்கா போனில் சொன்னதும், "விஷ மருந்தே வேணாம் அத்தான், டிரம்முக்குப் பத்து சொட்டு, இறுக்க மூடிட்டு ஒரு வாரம் திறக்காதீங்க" என்று கிராம்பு எண்ணெய் அனுப்பினாய். உன் பெருந்தன்மையை என் மூக்கு மறக்காது. மாணவர் விடுதிக்கு வருடம் முழுக்கக் காராமணி கொடுக்கும் ஆர்டர் எனக்கா என்று முடிவு செய்ய விடுதி மேலாளர் வரவிருந்தார். ஒரு வண்டு தலைகாட்டினாலும் போயிற்று. ஆகவே பஞ்சில் சொட்டுவிட்டு, டிரம்மில் போட்டு மூடினேன். மூடிவிட்டால் உள்ளே நடப்பது எப்படித் தெரியும்? திறந்தேன். வண்டு உயிரோடு இருந்தது. இன்னும் பத்து சொட்டு. மறுபடி திறந்தேன், மல்லாந்து கிடந்தது, காற்றுப் பட்டதும் எழுந்து நடந்தது. "திறக்கத் திறக்க காத்து அதுக்கு, நாத்தம் நமக்கு" என்றாள் உன் அக்கா. அவள் உன் பக்கம் பேசுவது புதிதா என்ன? புட்டியையே கவிழ்த்தேன். அதன்பின் சோப்பும் சர்க்கரையும் ஒரே வாசனை, வந்தவர்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டே திரும்பினார்கள், பக்கத்துத் தையல்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, பல்லு பிடுங்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார். வண்டுகளில் புத்தியுள்ளவை வெளியேறி அரிசி மூட்டைக்குக் குடிபோயின, மற்றவை செத்தன. நான் எந்த ரகம் என்று உன் அக்கா கேட்டாள்.

மேலாளர் வந்தார். கைநிறைய அள்ளி முகர்ந்தார். தும்மினார்.

"வண்டு இல்ல, சரி. பசங்க இதைச் சாப்பிடணுமா, வாய் கொப்பளிக்கணுமா?"

போய்விட்டார். உன் ஆராய்ச்சியில் ஒரு வருட வியாபாரமும் போயிற்று. இனி எந்தச் செடியையும் பிழிந்து எனக்கு அனுப்பாதே. உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். உனக்கானது மனம் ஆறியபின் வரும்.

இப்படிக்கு,
மணம் மாறாத உன் அத்தான்

பி.கு.: நான் புட்டியைக் கவிழ்ப்பதற்கு முன்பே உன் அக்கா எனக்குத் தெரியாமல் வீட்டில் ஒரு டிரம் காராமணிக்குப் பத்தே சொட்டு விட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி வைத்திருந்தாளாம். வாரம் கழித்துத் திறந்து, செத்த வண்டைச் சலித்து, காற்றாட வைத்திருக்கிறாள். மேலாளரைத் தெருமுனையில் மறித்து அதைக் காட்டியிருக்கிறாள். ஆர்டர் கிடைத்துவிட்டது, அவள் பெயரில். இன்னும் இரண்டு புட்டி அனுப்பு, அதுவும் அவள் பெயருக்கே. இந்த உறையையும் அவளே ஒட்டுகிறாளாம். நான் ஒட்டினால் திறந்து திறந்து பார்ப்பேனாம்.