வாகை மரம் நிற்கவே இல்லை என்பதற்குக் கைநாட்டு

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

நகராட்சியில் முப்பத்திரண்டு வருஷம் மரம் வெட்டி ஓய்ந்த உங்கள் சம்பந்தி கும்பிட்டுச் சொல்லி எழுதவைத்தது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, மகள், பேத்தி எல்லோரும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமா? காரின் நலத்தையும் விசாரிக்க ஆசைதான், விசாரிக்க எனக்கு முகமில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். உங்கள் மாப்பிள்ளை, "இந்த வம்புல என்னை இழுக்காதீங்கப்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அதனால் எழுதுவது உங்கள் மகள். எழுத்து அவளுடையது, வெட்கம் மட்டும் என்னுடையது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன மழையில் நகராட்சிப் பதிவறைக் கூரை ஒழுகி, எந்தத் தெருவில் எந்த மரம் நின்றது என்று எழுதிவைத்த பழைய பதிவேடெல்லாம் கூழாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஊருக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மரத் திட்டம் போட ஓர் அதிகாரியம்மா வந்து சேர்ந்தார். எந்தத் தெருவில் நிழல் இருக்கிறது, எந்தத் தெரு மத்தியானத்தில் அடுப்பாய்க் காய்கிறது, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எல்லாவற்றையும் பாய் அகலத்துக்கு ஒரு படத்தில் குறித்து வைத்திருந்தார். முன்பு மரம் நின்ற இடத்தில்தான் முதலில் நட வேண்டும் என்பது அவர் போட்ட விதி. நின்ற இடம் யாருக்குத் தெரியும்? வெட்டினவனுக்குத்தான் தெரியும். வீட்டு வாசலுக்கே ஜீப் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது, எதிர்வீட்டுக்காரர் முகம் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பதினொரு தெருவில் இருநூற்றுப் பதினொரு மரம் சொன்னேன் சம்பந்தி, இன்ன மரம், இன்ன வருஷம் விழுந்தது, எந்தக் கிளையில் தேன்கூடு இருந்தது என்பது வரைக்கும். அந்தம்மா சும்மா நம்பிவிடவில்லை, மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தார், மூன்றிலும் பழைய வேர். அதற்குப் பிறகு, "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நான் கோலை நீட்டின இடத்தில் எல்லாம் படத்தில் பச்சைப் பொட்டு ஒட்டினார். முப்பத்திரண்டு வருஷத்தில் ஓர் அதிகாரி வாயால் எனக்கு 'ஐயா' கிடைத்ததில்லை. தலை கனத்துவிட்டது.

அப்படிக் கனத்த தலையோடுதான் உங்கள் தெருவுக்கு வந்தேன். நீங்கள் அகலப்படுத்தின கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு புதுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். "என்ன சம்பந்தி, ரிட்டயர் ஆனது மறந்துபோச்சா? அந்தம்மாவோட கோல் புடிச்சுக்கிட்டுச் சுத்துறீங்க?" என்று அவர் முன்னாலேயே கேட்டீர்கள். எனக்கு எதுவும் மறப்பதில்லை, அதுதான் கோளாறு. அந்தக் கார் வந்த முதல் வாரம் நான் ஏறப்போனபோது, கால் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தேன், இருந்தும் என் காலடியில் நீங்கள் பேப்பர் விரித்தீர்கள். ஒரு தாள் இல்லை, இரண்டு தாள். அது ஞாபகத்துக்கு வந்தது. கோலைத் தூக்கி உங்கள் கேட்டுக்கு நேராகக் காட்டி, "இங்க ஒரு வாகை நின்னுச்சும்மா" என்றேன். பொட்டு ஒட்டியாகிவிட்டது.

படத்தில் ஒட்டின பொட்டு படத்திலேயே கிடக்கும் என்றுதான் நினைத்தேன். அந்த ஆபீஸில் சுவரை விட்டு இறங்கின திட்டம் ஒன்றை நான் பார்த்ததில்லை. இது பதினொரு நாளிலேயே இறங்கி, கடப்பாரையோடு உங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். நீங்கள் பார்க்காமல் பின்னால் எடுத்ததும், பின்சக்கரம் குழியில் இறங்கினதும், தெருவில் இருந்தவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கி மறுபடி உள்ளே தள்ளினதும், இப்போது கார் வீட்டுக்குள் விருந்தாளியைப் போல நிரந்தரமாகத் தங்கிவிட்டதும் எனக்கு வந்து சேர்ந்த செய்திகள். ஃபோனில் நீங்கள் போட்ட சத்தத்துக்கு உங்கள் மாப்பிள்ளை அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டான், அப்படியும் எனக்கு நன்றாகக் கேட்டது. "மரமே இல்லைன்னு எழுதிக் கைநாட்டு வெச்சுக் குடுக்கச் சொல்லு உங்கப்பாவ. ஆபீஸ்ல காட்டினா குழிய மூடிடறேன்னு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை கன்னு வருது, அதுக்குள்ள வரணும். இல்லேன்னா நான் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன், பேத்தியையும் பார்க்க மாட்டேன்!" என்றீர்கள்.

ஆகவே எழுதித் தருகிறேன். உங்கள் கேட்டுக்கு முன்னால் எந்தக் காலத்திலும் வாகை மரம் நின்றதில்லை. நான் சொன்னவற்றில் இருநூற்றுப் பத்து மெய், ஒன்று பொய். இரண்டு தாள் பேப்பருக்காகச் சொன்ன பொய். இந்த இடத்தில் உங்கள் மகள் பேனாவை நிறுத்தி, "நெசமாவா மாமா?" என்றாள். "எழுதும்மா" என்றேன். குனிந்துகொண்டே சொன்னேன். எழுபத்தாறு வயதில் மருமகள் முன்னால் குனிகிற மாதிரி ஆகிவிட்டது, அதுவே எனக்குப் போதும்.

நீங்களும் சம்பந்தியம்மாவும் நோய்நொடி இல்லாமல், கோபதாபம் இல்லாமல், கேட்டு வழி தாராளமாக வந்துபோய்க்கொண்டு நீடூழி வாழ வேண்டும். பேத்தி தாத்தாவுக்கு ஒரு முத்தம் எழுதச் சொன்னாள், எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
(இடது பெருவிரல்)

பின்குறிப்பு: கைநாட்டு வைத்து விரல் மையைத் துடைப்பதற்குள் உங்கள் மகள் டீ கொண்டுவந்து கொடுத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அந்த வாகை எவ்ளோ உயரம் மாமா இருந்துச்சு?" என்றாள். "முப்பத்தெட்டு அடி, கிழக்குக் கிளை முறிஞ்சது" என்றுவிட்டேன். இல்லாத மரத்துக்கு ஏது கிளை? அவள் மறுபடி பேனாவை எடுத்து உட்கார்ந்துவிட்டாள்.

மரம் நின்றது சம்பந்தி. வெட்டினது நான். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். மேஸ்திரி எப்போதும் வாயால் சொல்வார், ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் சீட்டில் எழுதிக் கொடுத்தார். படிக்கத் தெரியும் என்று சொல்லி வேலையில் சேர்ந்தவன் நான். உங்கள் தெருவில் ஒரு பட்ட மரம் என்பது மட்டும் முன்பே காதில் விழுந்திருந்தது. சீட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பட்ட மரம் என்றால் இலை இருக்காது என்று நானே முடிவுகட்டி, அந்தத் தெருவில் மொட்டையாய் நின்றதை வெட்டினேன். மாசி மாதம் வாகை மொட்டையாகத்தான் நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அடிமரம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. கையை வைத்தேன், நனைந்தது. நிஜமாகப் பட்டுப்போன மரம் நாலு மனை தள்ளி நின்றிருந்தது. அது மறுவாரம் தானாகவே மேஸ்திரியின் சைக்கிள் மேல் விழுந்ததால், யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அப்போது உங்கள் வீடு வெறும் மனை. பேப்பர் விரித்த கோபமும் கோலைத் தூக்கினதில் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கோல் காட்டின இடம் சரி.

அதனால் மேலே எழுதினதை ஆபீஸில் காட்ட வேண்டாம். "எங்கப்பாவ எனக்குத் தெரியும் மாமா, பின்குறிப்பைக் கிழிச்சுட்டு மேல இருக்கறத மட்டும் கொண்டுபோய்க் காட்டுவாரு" என்று உங்கள் மகள் இதைக் கைநாட்டுக்கு நேர் பின்பக்கத்தில் எழுதிவிட்டாள். கேட்டை ஆறடி இடப்பக்கம் நகர்த்தினால் காரும் வெளியே வரும், மரமும் நிற்கும். தூணுக்குக் குழி நானே தோண்டித் தருகிறேன். வியாழக்கிழமை காலை கன்று வரும்போது நானும் வருகிறேன். கால் கழுவ ஒரு வாளி தண்ணீர் மட்டும் வாசலில் வையுங்கள், மிச்சத்தைக் கன்றுக்கு ஊற்றிக்கொள்ளலாம்.