கிழமைப் பற்பசை

நீங்கள் என்ன கிழமையில் பிறந்தீர்கள்? தெரியாதா? போச்சு போங்கள்! அப்படியென்றால் இத்தனை வருஷமும் தப்பான பேஸ்ட்டில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குச் சம்பளம் உயராததும், தங்கைக்கு வரன் அமையாததும், மாடி வீட்டுக்காரன் தண்ணீர் மோட்டாரைப் போட மறப்பதும் அதனால்தான்.

நான் சொல்லவில்லை ஐயா. நுரை ஐயா சொன்னார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சோபாக் கடை மூடிக் கிடந்தது. அங்கேதான் வந்து இறங்கினார் அந்த மகான். உடம்பில் டாக்டர் கோட்டு, கழுத்தில் தொப்புள் வரை மணிமாலை. டாக்டரை நம்புகிறவனுக்குக் கோட்டு. சாமியாரை நம்புகிறவனுக்கு மாலை. இரண்டையும் நம்பாதவனைக் கவனிக்க வாசலில் நான்கு தடியர்கள். யாருக்கும் குறை வைக்காத ஏற்பாடு.

விடிகிறதற்கு முன்பே வரிசை நிற்கும். வங்கி மேனேஜர் நிற்பார், லாரி டிரைவர் நிற்பார், கல்லூரியில் பாடம் நடத்தும் பேராசிரியர்கூடக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். பல் தேய்க்காமல் வரவேண்டும் என்பது விதி. அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள், பக்திக்கு வாசனை உண்டு என்பது விளங்கிவிடும்.

ஏழு கிழமைக்கு ஏழு பசை. திங்கட்கிழமைக்காரர் வெள்ளை, செவ்வாய்க்காரர் ரோஜா நிறம், புதன்காரர் பச்சை. மாற்றித் தேய்த்தால் ஆபத்து. ஒரு வீட்டில் கணவன் தூக்கக் கலக்கத்தில் மனைவியின் வெள்ளிக்கிழமைப் பசையைத் தேய்த்துவிட்டானாம், அன்று முழுக்க வீட்டில் சண்டை. பசையால் வந்த சண்டை என்றார்கள். தன் டியூபை எடுத்ததற்காக அவள் போட்ட சண்டை என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சடங்கு இதுதான். உங்கள் கிழமைப் பசையை விரல் நுனியில் வைப்பார்கள். பிரஷ் கூடாது. "விளக்குமாத்தால உங்க அம்மா முகத்தைப் பெருக்குவீங்களா? அப்ப ஈறு மட்டும் என்னய்யா பாவம் பண்ணிச்சு?" என்று ஐயா மைக்கில் தழுதழுப்பார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். விரலால் இரண்டு தடவு, ஒரு வாய்த் தண்ணீர், பிறகு மேடையில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் உமிழவேண்டும். அதற்குப் பெயர் சத்தியக் கிண்ணம். உமிழ்ந்த நுரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தமாய்ச் சிவக்கும்.

"நீ சொன்ன பொய், உன்னைப் பார்த்து ஊர் விட்ட பெருமூச்சு, எல்லாம் பல்லிடுக்குல விஷமாச் சேர்ந்து கிடக்கு. இதோ இறங்குது பார்!"

சந்தேகக்காரர்களுக்கும் வழி வைத்திருந்தார். கடையில் விற்கிற பேஸ்ட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதே கிண்ணத்தில் உமிழச் சொல்வார். நுரை வெள்ளையாகவே கிடக்கும். "பார்த்தீங்களா? ஒரு சொட்டு விஷத்தைக்கூட எடுக்க வக்கில்லை!" கை தட்டல் காதைப் பிளக்கும். ஒவ்வொருவருக்கும் பிறகு கிண்ணம் திரைக்குப் பின்னால் போய், கழுவித் துடைத்து, பட்டுத்துணி மூடித் திரும்பி வந்து மற்றக் கிண்ணங்களோடு வரிசையில் நிற்கும். என்ன சுத்தம், என்ன சுத்தம்!

கொஞ்ச நாளில் எச்சிலின் நிறம் அந்தஸ்தாகிவிட்டது.

"எனக்கு இன்னிக்குச் செங்கல் நிறம் வந்துச்சு" என்பான் ஒருவன்.

"அவ்வளவுதானா? என் மச்சானுக்கு மாதுளம்பழம்!" என்பான் இன்னொருவன்.

வெளிர்சிவப்பு வந்தவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு டியூப் வாங்குவான்.

நான் ஒரு பேண்டு வாத்தியக் குழுவில் டிரம் அடிக்கிறவன். வாயில் ஒரு பல் இல்லாவிட்டாலும் எனக்குச் சோறு உண்டு. அதனால் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் அண்ணன் அந்த வரிசையில் நிற்கும் வரைக்கும்.

அண்ணன் அதே குழுவில் டிரம்பெட் வாசிக்கிறவர். டிரம்பெட்டை உதட்டில் அழுத்தினால் அந்த அழுத்தம் முழுவதும் முன்பற்கள் மேல்தான் விழும். முன்பல் போனால் டிரம்பெட் போச்சு, டிரம்பெட் போனால் அவர் போச்சு. அந்த மேல்வரிசை முன்பல் இரண்டும் ஆட ஆரம்பித்திருந்தன. ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. உச்ச சுரம் ஒன்றை எட்டிப் பிடிக்கப்போய் பாதியில் வாத்தியத்தை இறக்கி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாரே, அதைப் பார்த்து எனக்குக் கை ஓடவில்லை.

பல் டாக்டர் அம்மா பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்லியிருந்தார். பல்லில் அழுக்கு காறையாக இறுகி ஈறைத் தின்கிறது, உடனே வந்து சுத்தம் செய்தால் பல் நிற்கும், தள்ளிப்போட்டால் விழும் என்று. அண்ணனுக்கோ அந்த நாற்காலியைக் கண்டாலே நடுக்கம். பயந்தவனுக்கு, "அங்கே போகவே வேண்டாம்" என்று சொல்கிறவன்தான் கடவுள். நுரை ஐயா அதைத்தான் சொன்னார். அண்ணனுக்குச் செவ்வாயா புதனா என்று பிறந்த கிழமை சந்தேகம். பரவாயில்லை என்று இரண்டு பசையும் வாங்கிவந்தார். பிரஷ்ஷைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

அண்ணி கொதித்துவிட்டார்.

"என்னங்க, தேய்க்கிறதை நிறுத்தினதுல இருந்து ரத்தம் கூடத்தானே வருது?"

"விஷம் இறங்குதுடி. ஐயாவே சொன்னாரு. நாளைக்குக் கடைசி சடங்கு. அது முடிஞ்சா டாக்டர் பக்கமே தலை வச்சுப் படுக்கவேண்டாம்."

"நாளைக்குத்தானே டாக்டர் வரச் சொன்னாங்க?"

"அதை வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கண்ணீர் நின்றது, அதைவிட அதிகமாகக் கோபம் நின்றது. "தம்பி, நாளைக்கு நானும் வரேன். எனக்கும் விஷம் இறங்கட்டும்" என்றார்.

அண்ணி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். வருகிறவரை உட்காரவைத்து, ஒரு லென்ஸை மாற்றி, "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கேட்பது தினசரி வேலை. பக்கத்துக் கடை, பல் செட்டுச் செய்கிற கடை. மறுநாள் காலை அண்ணியின் கைப்பை வழக்கத்தைவிடக் கனத்தது.

முதலில் அண்ணன் மேடை ஏறினார். தடவினார், உமிழ்ந்தார், சிவந்தது. ஆடுகிற பல்லை இன்று மாலைக்குள் கட்டி நிறுத்திவிடுவதாக ஐயா வாக்குக் கொடுத்தார். அடுத்து அண்ணி.

"என்ன கிழமைம்மா?"

"வியாழன், ஐயா."

மஞ்சள் பசை விரலில் வந்தது. பெண்கள் உமிழ்வதை யாரும் பார்க்கக் கூடாது என்று ஓரத்தில் ஒரு தட்டி வைத்திருந்தார்கள். எவ்வளவு நாகரிகம்! அண்ணி கிண்ணத்தோடு தட்டிக்குப் பின்னால் போனார், வந்தார். கிண்ணம் பீட்ரூட்டாய்ச் சிவந்திருந்தது. ஐயா எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"அடேயப்பா! இதென்ன வாயா, விஷக் கிடங்கா? புருஷனை எதிர்த்துப் பேசின வாய்! மாமியாரைச் சபிச்ச வாய்! அடுத்த வீட்டுக் கதையை ஊரெல்லாம் பரப்பின வாய்! தின்னக் கூடாததைத் தின்ன வாய்!"

கூட்டம் "ஐயையோ" என்றது. முன்வரிசை அம்மாள் ஒருத்தி அண்ணியைப் பார்த்துக் காறித் துப்பாத குறை.

"அந்த வாய் இதுதாங்க" என்று அண்ணி கைக்குட்டையை விரித்தார். உள்ளே ஒரு பல் செட்டு. மேல்வரிசை, கீழ்வரிசை, ரோஜா நிற ஈறோடு புத்தம் புதுசாக இளித்துக்கொண்டிருந்தது. "பசையைத் தடவி, தண்ணியை ஊத்தி, கிண்ணத்துல வடிச்சேன். பக்கத்துக் கடை ஷோகேஸ்ல மாதிரிக்கு வச்சிருந்த செட்டு. வியாழக்கிழமைதான் அச்சுல வார்த்தாங்க. இது யார் வாய்க்குள்ளேயும் போகலை, ஒரு பருக்கை தின்னலை. எந்த மாமியாரைங்க சபிச்சுது?"

ஐயா பல் செட்டைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். ஆனால் ஆள் லேசுப்பட்டவரா? "அது... அதைச் செஞ்சவனோட பாவம்!" என்றார். நம்புங்கள், பாதிக் கூட்டம் தலையாட்டியது!

"சரிங்க, பல்லையே எடுத்துடலாம்" என்றார் அண்ணி. பட்டுத்துணி மூடியிருந்த அடுத்த கிண்ணத்தை இழுத்து, விரலில் மிச்சமிருந்த பசையில் பாதியை அதில் வழித்துத் தண்ணீர் ஊற்றினார். சிவப்பு. "பல்லும் இல்லை, வாயும் இல்லை. தெரியுதா?"

"தெரியுது" என்றது கூட்டம், கொஞ்சம் ஈனக்குரலில்.

கைப்பையிலிருந்து வீட்டு டம்ளரை எடுத்தார். அதே பசை, அதே தண்ணீர். நுரை மஞ்சளாகவே கிடந்தது. "கிண்ணத்தை மட்டும் மாத்தியிருக்கேன். இப்பத் தெரியுதா?"

தடியர்கள் மேடைக்குப் பாய்ந்தார்கள். "எவனாவது அவளைத் தொட்டுப் பாருங்கடா!" என்று ஒரு சத்தம். டிரம்பெட் ஊதி வளர்ந்த மார்பு, சோபாக் கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. எங்கள் அண்ணன்தான்! தடியர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அண்ணன் இன்னொரு கிண்ணத்தை எடுத்துத் தன் ரோஜா நிறப் பசையைக் கட்டைவிரலில் தொட்டு, காய்ந்த கிண்ணத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தார். கோடு சிவந்தது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார் பாவம். மெல்ல நாக்கால் முன்பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் திரையைப் பிடித்து இழுத்தேன். பின்னால் ஒரு டப்பாவில் வெள்ளைத் தூள், ஒரு மூட்டைச் சலவைச் சோடா. பேராசிரியர் தூளைப் பார்த்ததும், "இது எங்க லேப்ல இருக்கிற தூளாச்சே! இதைக் கிண்ணத்துல தடவியிருக்கான், பசையில கலந்த சோடா பட்டாச் சிவக்கும்" என்றார்.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா சார்?" என்றார் அண்ணி.

"நல்லாத் தெரியும்மா. வருஷா வருஷம் நடத்துறேனே!"

"அப்புறம் ஏன் வரிசையில நின்னீங்க?"

"லேப் வேற, வாழ்க்கை வேற இல்லையா?" என்றார் அந்த மேதை.

திரைக்குப் பின்னால் ஐயாவின் சொந்தப் பையும் இருந்தது. அதில் என்ன? ஒரு பிரஷ். கடையில் விற்கிற சாதாரண பேஸ்ட், பாதி பிதுக்கியது. ஊர் ஈறையெல்லாம் விளக்குமாற்றிலிருந்து காப்பாற்றியவர், தன் ஈறை இரண்டு வேளை பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதனால்தான் அந்தப் பல்வரிசை அப்படிப் பளபளத்தது! போலீஸ் வந்து கூட்டிப்போகும்போதும் சிரித்துக்கொண்டுதான் போனார்.

அதோடு முடிந்ததா? ஒரு பெரியவர் அண்ணியின் அருகில் வந்து, கை கூப்பி, பயபக்தியோடு கேட்டார். "தாயே, உங்க டம்ளர்ல என் நுரையைப் பார்த்துச் சொல்றீங்களா?"

அண்ணி டம்ளரைக் கைப்பைக்குள் போட்டார். அண்ணனின் கையைப் பிடித்து நேரே பல் டாக்டரிடம் இழுத்துப்போனார்.

டாக்டர் அம்மா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இத்தனை நாள் தேய்க்காமல் விட்டதில் ஒரு முன்பல் ரொம்பவே தளர்ந்துவிட்டது. இப்போதே வந்ததால் இரண்டும் நிற்க வாய்ப்பிருக்கிறது, ஆனால் கொஞ்ச காலம் டிரம்பெட்டைத் தொடக் கூடாது என்றார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்?

அடுத்து நடந்ததுதான் அதிசயம். நாற்காலியைக் கண்டாலே நடுங்குகிற அண்ணன், அதில் சாய்ந்துகொண்டு விடாமல் கேட்க ஆரம்பித்தார். அது என்ன ஊசி? இது எதுக்குச் சுரண்டுறீங்க? எந்தப் பேஸ்ட் வாங்கணும்? பேஸ்ட் வேணுமா, வேண்டாமா?

"அழுக்கை எடுக்கிறது பிரஷ்தான் சார், நிதானமாத் தேய்ச்சாப் போதும்" என்றார் டாக்டர் அம்மா. "பேஸ்ட்ல ஃப்ளோரைடு இருக்கான்னு பாருங்க, அது சொத்தை விழாமக் காக்கும். பட்டாணி அளவு எடுத்துக்கங்க. நிறம், வாசனை, நுரை எல்லாம் உங்க ஆசைக்கு."

"கிழமை?"

"எல்லாக் கிழமையும்!"

அண்ணன் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார். டாக்டர் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் பேசாம இருந்தா வேலையை முடிச்சிடுவேன்மா" என்றார்.

"கேக்கட்டும் டாக்டர்" என்றார் அண்ணி. "அந்த ஆள் 'வாயைத் திற'ன்னு சொன்னப்ப ஊரே திறந்து காட்டிச்சு. ஒரு கேள்வி கேக்கணும்னு ஒருத்தரும் திறக்கலை."

உங்களிடமும் நாளைக்கு எவனாவது வாயைத் திற என்பான். தாராளமாகத் திறங்கள். காட்டுவதற்கு அல்ல, கேட்பதற்கு.