சிவப்பு மூட்டை

“முதல்ல சிவப்பு மூட்டையைப் பிரிங்கோ, அப்புறம் பச்சை. அவ்வளவுதான், பெரிய காரியம் ஒண்ணும் இல்லை” என்று அனந்தலக்ஷ்மி ஃபோனில் சொன்னாள்.

சாம்பசிவன் எதிரே இருந்த நாலு துணி மூட்டைகளையும் பார்த்தார். அவருக்கு நாலும் மண் நிறம்தான். ஒன்று வெளுத்த மண், ஒன்று கறுத்த மண், மற்ற இரண்டும் நடுத்தர மண்.

“நீ எப்போ வருவே?”

“பொன்முடி ரோட்டுல மரம் விழுந்து கிடக்கு. பஸ் அசையலை. மத்தியானம் ஆயிடும். கிளாஸை நீங்க எடுத்துடுங்கோ, கேட்டேளா?”

அவள் குரலுக்குப் பின்னால் குக்கர் விசிலடித்தது. மலைப்பாதையில் யார் குக்கர் வைத்தார்கள் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. வாசலில் செருப்புகளைக் கழற்றும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அனந்தலக்ஷ்மி குவில்ட் தைக்கிறவள். துணிகளைத் துண்டுகளாக வெட்டி, சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வைதான் குவில்ட். ஆனால் அதைப் போர்வை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். இருபது வருஷமாகத் தைக்கிறாள். நிறத்தையும் டிசைனையும் மற்றவர்களுக்குச் சொல்லித்தர, போன மாதம் கரமனை வீட்டுக் கூடத்தில் ஒரு வகுப்பு ஆரம்பித்தாள். சனிக்கிழமை பத்து மணி, ஆறு பெண்கள். இன்று காலை ஆறு மணிக்கு, பொன்முடி எஸ்டேட்டில் சில பெண்கள் தைக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள், பேசிவிட்டு வகுப்பு நேரத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பாடத்திட்டத்தை அவள் கைப்பட எழுதிக் கொடுத்தபோது, கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறிப் போய் ஆறு ஜெராக்ஸ் காப்பி எடுத்து வந்தவர் சாம்பசிவன்தான். அதைப் படிக்கவில்லை. முப்பது வருஷம் சர்க்கார் ஆபீசில் இருந்தவருக்குக் கையில் வருகிற காகிதத்தைப் படிக்கும் வழக்கம் கிடையாது.

சாம்பசிவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. டிராஃபிக் விளக்கில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ என்று காலத்தை ஓட்டினார். ஆபீசில் பெரிய அதிகாரியின் பச்சை மையையும் கிளார்க்கின் சிவப்பு மையையும் கையெழுத்தின் திமிரை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அதெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயங்கள். கல்யாணமான மறுநாள் அனந்தலக்ஷ்மி, “பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நான் கட்டிண்டிருந்த புடவை எப்படி இருந்தது?” என்று கேட்டாள். “கலர் பிரமாதம்” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மாட்டிக்கொண்டவர்தான்.

அதற்குப் பிறகு அவள் தைத்த ஒவ்வொரு குவில்டுக்கும் “கலர் பிரமாதம்” என்று சொல்ல வேண்டியதாயிற்று. தைக்கும்போது இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதுல எது முன்னாடி வரது?” என்று கேட்பாள். அவர் கண்ணுக்குத் தோன்றியதைச் சொல்வார், அவள் அப்படியே தைப்பாள். நல்ல காலம், ஒரு துண்டைக் காட்டி இது என்ன நிறம் என்று முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. அந்த அதிர்ஷ்டத்துக்காகவே அவர் மாதம் ஒருமுறை பத்மநாபசாமி கோயிலுக்குப் போய்த் தனியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவார்.

இன்றைக்குக் குட்டு வெளிப்பட்டால் விஷயம் அவள் காதுக்குப் போய்விடும். கண்ணில் குறை என்பதில் அவருக்கு வெட்கமில்லை. சொன்ன அத்தனை பிரமாதமும் பொய்யாகப் போய்விடுமே என்பதுதான் பயம். அவள் முகம் வாடுவதை நினைத்துப் பார்க்கவே அவருக்குத் தாங்கவில்லை.

ஆறு பேரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் நிறத்தின் பெயரெழுதிய ஒரு துண்டுச்சீட்டைச் செருகி வைத்திருந்தாள் அனந்தலக்ஷ்மி. அதைப் பார்த்ததும் சாம்பசிவனுக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியில், பாவம் வெயிலில் வந்திருக்கிறார்களே என்று ஃபேனைப் போட்டார்.

சீட்டுகள் நாலும் பறந்தன.

ஒன்று பீரோவுக்கு அடியில் போயிற்று. தவழ்ந்து போய் எடுத்து, சட்டையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு, ஒரு உத்தேசமாக நாலு மூட்டைகளிலும் செருகினார். எதுவுமே நடக்காத மாதிரி, “பின்னே, தொடங்கலாம் அல்லே?” என்றார்.

டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் விஷ்ணுப்ரியா ஒரு மூட்டையைப் பிரித்தாள். “சார், சீட்டுல பச்சைன்னு எழுதியிருக்கு. ஆனா இது...”

பக்கத்திலிருந்த உலகம்மாள் பலமாக இருமினாள். கரமனையில் ஒரு தையல் கடையில் வேலை பார்ப்பவள், ஊர் திருநெல்வேலிப் பக்கம். விஷ்ணுப்ரியா நாக்கைக் கடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தினாள்.

“பச்சை இல்லை. அது எனக்குத் தெரியும்” என்றார் சாம்பசிவன் அவசரமாக. “வேணும்னுதான் சீட்டை மாத்தி வச்சிருக்கேன். இது ஒரு டெஸ்டாக்கும். எல்லாத்தையும் கொட்டிக் கலந்து, நீங்களே தரம் பிரிங்கோ.”

அவர்கள் உற்சாகமாகக் கொட்டிக் கலந்தார்கள். இனி எந்தச் சீட்டாலும் அவரைக் காப்பாற்ற முடியாது என்பது அவருக்குப் பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அவர் முன்னால் ஆறு குவியல்கள் இருந்தன.

“சார், செக் பண்ணுங்கோ. இந்த மெரூனை ரெட்டுல சேர்க்கலாமா, இல்லே...” என்று விஷ்ணுப்ரியா ஆரம்பித்தாள்.

உலகம்மாளுக்கு மறுபடியும் இருமல் வந்தது.

“உலகம்மா, உங்களுக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு போலிருக்கே. இருங்கோ, சுக்கு வெள்ளம் வச்சுண்டு வரேன்” என்று சாம்பசிவன் அடுக்களைக்குள் புகுந்துகொண்டார். அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னால் மனைவிக்கு ஃபோன் போட்டார்.

“லக்ஷ்மி, எல்லாரும் நன்னாத்தான் பண்றா. நான் இதுக்கு மேலே என்ன சொல்றதுன்னுதான்...”

“அவாளைப் பாத்து நீங்க பயப்படாதீங்கோ. உங்க கண்ணுக்கு எது தெரியறதோ, அதைச் சொல்லுங்கோ. போறும்.”

அப்போது ஃபோனில் ஒரு குக்கர் விசிலடித்தது. அதே சமயம், அடுத்த வீட்டுச் சரோஜத்தின் அடுக்களையிலிருந்து ஜன்னல் வழியாகவும் ஒரு விசில் வந்தது. உலகத்தில் எல்லாரும் நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும்தான் இப்படித் தவிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கொதிக்க வைத்த சுக்குத் தண்ணீரோடு திரும்பி வந்தவர், நேராகப் போய் ஜன்னல்களைச் சாத்தினார். விளக்கையும் அணைத்தார். கூடம் மங்கியது. அந்த மங்கலில் யாருக்கும் நிறம் தெரியாது, இப்போது ஏழு பேருக்கும் ஒரே கண்தான். அது அவருக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

“இனிமே யாரும் நிறத்தைப் பத்திப் பேசப்படாது. எது இருட்டு, எது வெளிச்சம், அதை மட்டும் பாருங்கோ” என்றார்.

“ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு, சார்” என்றாள் ஒருத்தி, கையில் இரண்டு துண்டுகளோடு.

“ஒண்ணு போலவா? இது கிணத்துக்குள்ளே கிடக்கு. இது கிணத்து மேடையில உக்காந்திருக்கு. தெரியலையா?”

அவருக்கு அது அப்பட்டமாகத் தெரிந்தது. சுவரில் ஃபிளானல் துணி தொங்கியது. அதில் துணித்துண்டை அழுத்தினால் ஊசியில்லாமலே ஒட்டிக்கொள்ளும். “இதைக் கொண்டா. அது வேண்டாம், அதைவிட ஒரு சொட்டு வெளுப்பா ஒண்ணு கொடு” என்று கேட்டு வாங்கி ஒட்ட ஆரம்பித்தார். கீழே நல்ல இருட்டு. மேலே போகப் போக இருட்டு குறைந்தது. நடுவில், ஒருக்களித்த கதவு வழியாக வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு வரிசை. முப்பத்தாறு துண்டுகளை ஒட்டி முடிக்கிறவரை அவருக்குப் பயம் என்ற ஒன்று ஞாபகமே வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சந்தோஷமாக இருந்தார்.

விஷ்ணுப்ரியா எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

யாரும் பேசவில்லை. சாம்பசிவன் கண்ணுக்குச் சுவர் அப்படியே அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கண்ணை அவர் எப்போது நம்பியிருக்கிறார்? சிவப்பும் பச்சையும் என்னவெல்லாம் கூத்தடிக்கின்றனவோ தெரியவில்லை. இவர்கள் வாயடைத்துப் போகிற அளவுக்கு இருக்கிறது.

“சார், இது...” என்றாள் விஷ்ணுப்ரியா. இந்தத் தடவை உலகம்மாள் இருமவில்லை. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷ்ணுப்ரியாவும் மேலே ஒன்றும் சொல்லாமல் ஃபோனை எடுத்து ஒரு படம் பிடித்தாள். மற்றவர்களும் பிடித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சத்தமில்லாமல் விடைபெற்றுக்கொண்டு போனார்கள், துக்கம் கேட்க வந்தவர்களைப் போல.

அவருடைய ஃபோனில் அனந்தலக்ஷ்மியின் செய்தி வந்தது. ‘படம் பார்த்தேன். ஒண்ணையும் கலைக்காதீங்கோ. இதோ வந்துண்டே இருக்கேன்.’

சாம்பசிவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உலகம்மாள் மட்டும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“உலகம்மா, ஒரு உபகாரம் பண்ணணும். அவ வரதுக்குள்ளே அதையெல்லாம் எடுத்துட்டு, சரியா ஒட்டிக் கொடுத்துடுங்கோ.”

“எதுக்கு சார்? அதுல கை வைக்க எனக்கு மனசு வராது.”

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னார்.

“எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது. பொறந்ததிலேருந்தே அப்படித்தான். அவ தச்சதையெல்லாம் கலர் நன்னாயிருக்கு, கலர் நன்னாயிருக்குன்னு சொல்லிண்டே வந்தேன். சத்தியமா நன்னாத்தான் இருந்தது. ஆனா அவ பாத்ததை நான் பாக்கலை. இப்போ இந்தச் சுவரைப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சுடும். இனிமே நான் எதை நன்னாயிருக்குன்னு சொன்னாலும் அவ நம்புவாளா?”

உலகம்மாளுக்குக் கண் கலங்கியது. ஆனால் உதட்டில் சிரிப்பும் வந்தது. அவள் பையைத் துழாவி, நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்துப் பிரித்தாள்.

“மொத நாளே மாமி எங்களுக்குத் தந்த பேப்பரு சார் இது, நீங்கதான் காப்பி எடுத்துட்டு வந்தியளாம்” என்று சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டி நிதானமாக வாசித்தாள்: “நாலாம் சனிக்கிழமை, வெளிச்சமும் இருட்டும், நடத்துபவர் சாம்பசிவன். இந்த விஷயத்தில் அவர் கண்ணை நம்பித்தான் நான் தைக்கிறேன். சிவப்பு, பச்சை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள், பாவம், அந்தக் குறை எனக்குத் தெரியாது என்று முப்பத்தொரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.”